எழுதிய தேதியை டைம்ஸ்டாம்ப்பாக மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு பழைய முன்பதிவு மென்பொருளில் இருந்த தகவல்களைப் புதிய தளத்துக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. தேதியும் நேரமும் 05/03/2024 14:30 என்பதுபோல வெறும் எழுத்தாகக் கிடந்தன. ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு டைம்ஸ்டாம்ப்பாக, அதாவது நேரத்தைக் குறிக்கும் ஒற்றை எண்ணாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நிரல் ஓடியது, பிழை எதுவும் காட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 5ஆம் தேதிக்குப் போட்ட பதிவு மே 3 என்று காட்டுவதாக ஒருவர் சொன்னார். தோண்டிப் பார்த்தால், மாதத்தின் முதல் 12 நாட்களில் விழுந்த பதிவுகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. 13ஆம் தேதியும் அதற்குப் பிறகும் இருந்தவை எல்லாம் 1970 ஜனவரி 1 ஆகியிருந்தன. 02/02, 07/07 போல நாளும் மாதமும் ஒன்றாக இருந்தவை மட்டும்தான் தப்பியிருந்தன. சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் புதிய பதிவுகள் பழையவற்றோடு கலந்துவிட்டதால்தான் அவ்வளவு நாள்.

எழுதிய தேதி முழுத் தகவல் அல்ல. எது நாள், எது மாதம், எந்த ஊர் நேரம் என்பதெல்லாம் எழுதியவர் மனதில் இருக்கும், எழுத்தில் இருக்காது. நிரல் அந்தக் குறையைத் தானாக ஊகித்து நிரப்பிவிடும். ஊகித்துத்தான் நிரப்பினேன் என்று உங்களிடம் சொல்லாது. அந்த ஊகத்துக்கு எங்குமே இடம் கொடுக்காமல் வேலையை முடிக்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பிஎச்பி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் தொட்டுச் செல்கிறேன். நீங்கள் வேறு நிரல்மொழியில் எழுதினாலும் சிக்கவைக்கும் பொறிகள் ஏறக்குறைய இவைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிரல் எழுத உட்காரும் முன் நான்கு விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தகவலைத் தருபவரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டாலே போதும்.

நாள் முதலில் வருகிறதா, மாதமா? எந்த ஊர் நேரத்தில் எழுதப்பட்டது? நேரம் 12 மணிக் கணக்கா, 24 மணிக் கணக்கா? தேதி தெரியாத இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்: வெற்றிடமா, 00/00/0000 போன்ற பூச்சியங்களா, சிறு கோடா?

அப்புறம் மாதிரி வரிசைகள் வேண்டும். பத்து வரிசை அனுப்புகிறோம் என்பார்கள், அது போதாது. ஆண்டின் தொடக்கம், நடு, முடிவு என்று பரவலாகக் குறைந்தது இருநூறு வரிசை கேளுங்கள். அதில் 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முதல் இடத்தில் 25 வந்தால் முதலில் வருவது நாள். இரண்டாம் இடத்தில் 25 வந்தால் முதலில் வருவது மாதம். இரண்டு இடத்திலும் வந்தால் இரு வேறு மூலங்களிலிருந்து வந்த தகவலை ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் மூலங்களைப் பிரித்து வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 04/07/2024 என்ற ஒற்றை வரிசையை மட்டும் பார்த்து அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் அதிகம் பலன் தரும் அரை நாள் இதுதான்.

எக்செல் வழியாக வந்த கோப்பென்றால் இன்னொரு சோதனையும் உண்டு. திறக்கும் கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ப எக்செல் சில கட்டங்களைத் தேதியாக மாற்றிவிடும், தனக்குப் புரியாதவற்றை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் கலப்பு நடந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். தேதிக்குப் பதிலாக 45356 போன்ற ஐந்து இலக்க எண் வந்தால் அது எக்செல்லின் நாள் எண். அதிலிருந்து 25569 கழித்து 86400ஆல் பெருக்கினால் விநாடிக் கணக்கு கிடைக்கும். 45356 என்பது 2024 மார்ச் 5. சில பழைய மேக் கோப்புகள் 1904ஆம் ஆண்டிலிருந்து நாள் எண்ணும். அவற்றில் எல்லாத் தேதியும் 1462 நாள் தள்ளி விழும். முடிந்தால் எக்செல்லைத் தொடாத மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

2. மாற்றத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

எல்லாத் தேதியையும் டைம்ஸ்டாம்ப் ஆக்கக் கூடாது. பிறந்தநாளுக்கு நேரமும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. அதை எண்ணாக்கினால் எங்கோ ஒரு பயனருக்கு ஒரு நாள் முன்னதாகக் காட்டும். தேதி வகை நெடுவரிசையிலேயே விட்டுவிடுங்கள்.

வருங்காலச் சந்திப்புகளும் அப்படித்தான். ஒரு நாட்டின் அரசு தன் கடிகார விதியை மாற்றினால், காலை 10 மணி என்று மனிதர்கள் பேசிவைத்தது மாறாது. நீங்கள் கணக்கிட்டு வைத்த எண்தான் தவறாகும். எனவே வருங்கால நிகழ்வுக்கு எழுதிய நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். டைம்ஸ்டாம்ப்பை வரிசைப்படுத்தவும் தேடவும் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நுழைந்த நேரம், பணம் செலுத்திய நேரம், கருத்து எழுதிய நேரம் என்று நடந்து முடிந்தவற்றுக்கு டைம்ஸ்டாம்ப் மிகச் சரியான வடிவம்.

3. விநாடியா, மில்லிவிநாடியா?

யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் என்பது யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகள். ஒரு நாளுக்கு எப்போதும் 86400 விநாடி என்று கணக்கு. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப எப்போதாவது கூட்டப்படும் லீப் விநாடிகள் இதில் சேராது. பிஎச்பியின் டைம் ஃபங்ஷன் விநாடியில் தருகிறது. பைத்தானின் டைம் ஃபங்ஷனும் விநாடிதான், ஆனால் தசமத்தோடு வரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் மில்லிவிநாடியில் தருகிறது. சர்வர் ஒரு மொழியிலும் உலாவி ஒரு மொழியிலும் பேசும் தளத்தில் இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

இலக்கங்களை எண்ணுங்கள். இன்றைய தேதிகள் விநாடியில் 10 இலக்கம், மில்லிவிநாடியில் 13 இலக்கம். திரையில் எல்லாத் தேதியும் 1970 ஜனவரி மாதக் கடைசி வாரங்களில் வந்து குவிந்தால், விநாடியை மில்லிவிநாடி என்று நினைத்துப் படித்திருக்கிறீர்கள். உதாரணமாக 1709629200 என்ற எண்ணை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அப்படியே கொடுத்தால் 1970 ஜனவரி 20 என்று காட்டும். மாறாக, மில்லிவிநாடியை விநாடியாகப் படித்தால் ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டிப் போய்விடும்.

எண்ணை வைக்கும் மாறியின் பெயரிலேயே அளவைச் சேர்த்துவிடுவது என் பழக்கம். 'தொடக்க_விநாடி', 'தொடக்க_மில்லி' என்று எழுதிவிட்டால், பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்று ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் குழம்ப மாட்டார்.

4. வடிவத்தை நீங்களே சொல்லுங்கள்

தேதியைப் படிக்கப் பெரும்பாலும் இரண்டு வகை ஃபங்ஷன் இருக்கும். ஒன்று, எதைக் கொடுத்தாலும் தானே புரிந்துகொள்ள முயல்வது. மற்றொன்று, இதுதான் வடிவம் என்று நாம் சொல்லிக் கொடுப்பது. முதல் வகையைத் தகவல் மாற்றும் வேலையில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிஎச்பியின் ஸ்ட்ர்-டூ-டைம் முதல் வகை. சாய்கோடு போட்ட தேதியை அது அமெரிக்க முறையில் மாதம்/நாள் என்று படிக்கும்; நான்கு இலக்க ஆண்டோடு சிறு கோடு போட்ட அதே எண்களை நாள்-மாதம் என்று படிக்கும். ஆக 05/03/2024 என்பது மே 3, 05-03-2024 என்பது மார்ச் 5. புரியாவிட்டால் ஃபால்ஸ், அதாவது 'முடியவில்லை' என்று திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் எண் நெடுவரிசைக்குள் தள்ளினால் 0 ஆகும், 0 என்பது 1970 ஜனவரி 1. என் வேலையில் நடந்தது இதுதான்.

இதற்குப் பதிலாக டேட்டைம் வகுப்பின் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்டைப் பயன்படுத்துங்கள். நாளுக்குச் சிறிய டி, மாதத்துக்குச் சிறிய எம், நான்கு இலக்க ஆண்டுக்குப் பெரிய ஒய், 24 மணிக் கணக்குக்குப் பெரிய ஹெச், நிமிடத்துக்குச் சிறிய ஐ. இதிலும் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, நீங்கள் சொல்லாத பகுதியை அது இப்போதைய நேரத்தைக் கொண்டு நிரப்பும். தேதியை மட்டும் கொடுத்தால் நிரல் ஓடிய மணி, நிமிடம், விநாடி ஒட்டிக்கொள்ளும். இன்று ஓடினால் ஓர் எண், நாளை ஓடினால் வேறு எண். வடிவத்தின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் சொல்லாத பகுதிகள் பூச்சியமாகும். ஒரே ஒரு எழுத்துதான், மறக்காதீர்கள்.

இரண்டாவது, 31/02/2024 என்று கொடுத்தால் மறுக்காது. மார்ச் 2 என்று உருட்டிக் கொடுத்துவிடும். கெட்-லாஸ்ட்-எரர்ஸ் மூலம் எச்சரிக்கை வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிஎச்பி 8.2லிருந்து பிழையே இல்லாவிட்டால் அது பட்டியலுக்குப் பதில் ஃபால்ஸ் தருகிறது. பழைய நிரலை நகலெடுக்கும்போது இதையும் கவனியுங்கள். இன்னொரு எளிய வழி உண்டு. கிடைத்த தேதியை அதே வடிவத்தில் திரும்ப எழுத்தாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் அந்த வரிசையை ஒதுக்கிவையுங்கள். எந்த மொழியிலும் வேலை செய்யும் சோதனை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மூன்றாவது பொறி இரண்டு இலக்க ஆண்டு. பிஎச்பி 00 முதல் 69 வரை 2000களாகவும் 70 முதல் 99 வரை 1900களாகவும் கொள்ளும். பைத்தானில் எல்லை ஓர் ஆண்டு முன்னதாக, 68இல் முடிகிறது. 65ஆம் ஆண்டில் பிறந்தவர் இரண்டிலுமே 2065இல் பிறப்பார். முடிந்தவரை நான்கு இலக்க ஆண்டு கேட்டு வாங்குங்கள்.

பைத்தானில் ஸ்ட்ர்ப்டைம் பயன்படுத்துங்கள். தவறான தேதிக்கு வெளிப்படையாகப் பிழை எழுப்பும், நல்ல குணம். ஆனால் மாதத்துக்குச் சிறிய எம், நிமிடத்துக்குப் பெரிய எம். தேதி மட்டும் உள்ள எழுத்தில் மாதத்துக்குப் பெரிய எம் போட்டுவிட்டால் எல்லாத் தேதியும் ஜனவரியில் போய் விழும். ஜாவாஸ்கிரிப்ட்டின் லக்ஸன் போன்ற நூலகங்களில் இதற்கு நேர் எதிர்: பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். 12 மணிக் கணக்கில் வரும் நேரத்துக்குப் பைத்தானில் பெரிய ஐ போட வேண்டும். பழக்கத்தில் பெரிய ஹெச் போட்டுவிட்டால், பக்கத்தில் பி.ப. என்பதற்கான குறியைச் சேர்த்தாலும் அது கணக்கில் வராது. பிற்பகல் 2:30 அதிகாலை 2:30 ஆகிவிடும், பிழையும் காட்டாது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் வடிவம் சொல்லிப் படிக்கும் வசதி டேட்டிடம் இல்லை. டேட்.பார்ஸுக்கு நம்பிக் கொடுக்கக்கூடியது ஐஎஸ்ஓ வடிவம்தான், அதாவது ஆண்டு-மாதம்-நாள், நடுவில் டி எழுத்து, பிறகு நேரம். மற்ற பெரும்பாலான வடிவங்கள் உலாவிக்கு உலாவி மாறலாம். படிக்க முடியாவிட்டால் NaN என்ற 'எண் அல்லாத' மதிப்பு வரும். அதை ஜேசான் என்ற தகவல் பரிமாற்ற வடிவமாக்கி அனுப்பினால் சத்தமில்லாமல் நல் (null), அதாவது வெற்று மதிப்பு ஆகிவிடும். எழுத்தைத் துண்டாக்கி எண்களாகக் கொடுக்கும் வழியில் போனால், மாதம் 0இலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்: மார்ச்சுக்கு 2. நூலகம் சேர்க்கலாம் என்றால் லக்ஸன், டேட்-எஃப்என்எஸ், டே.ஜேஎஸ் மூன்றும் இலவசம். மொமென்ட் நூலகம் 2020லிருந்து பராமரிப்பில் மட்டும் இருப்பதால், புதிய வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

தமிழில் எழுதிய தேதிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். '5 மார்ச் 2024, பிற்பகல் 2:30' என்பதை இந்த ஃபங்ஷன்கள் எதுவும் தாமாகப் புரிந்துகொள்ளாது. மாதப் பெயர்களுக்கு ஒரு சிறு அட்டவணை எழுதி முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மார்ச், மார்ச்சு, ஜூலை, சூலை, ஆகஸ்ட், ஆகஸ்டு, ஆகத்து என்று எழுத்து வேறுபாடுகளையும் அட்டவணையில் சேருங்கள். காலை, மாலை, இரவு என்று எழுதியிருந்தால் இரவு 12 மணி எந்த நாளைச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'வெள்ளி இரவு 12' என்று எழுதும் பலர் வெள்ளி முடிந்து சனி தொடங்கும் நேரத்தைச் சொல்கிறார்கள். கணினிக்கு வெள்ளி 00:00 என்பது வெள்ளியின் தொடக்கம். ஒரு முழு நாள் வித்தியாசம்.

5. நேர மண்டலத்தைச் சேருங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். சொந்தக் கணினியில் சரியாக வரும், சர்வரில் ஏற்றியதும் மாறும்.

05/03/2024 14:30 என்பதை நாள்/மாதம் என்று சரியாகவே படித்துவிட்டீர்கள். அது யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே நிற்கும் +5:30 மண்டலத்து நேரம் என்றால் டைம்ஸ்டாம்ப் 1709629200. மண்டலம் சொல்லாமல், யுடிசியில் ஓடும் சர்வரில் மாற்றினால் 1709649000. வித்தியாசம் 19800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம். உங்கள் தளத்தில் எல்லா நேரமும் ஒரே அளவு தள்ளி நின்றால், அந்த வித்தியாசத்தை விநாடியில் பாருங்கள். 19800 என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய நிரலில் 19800ஐக் கூட்டவோ கழிக்கவோ செய்யாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அடுத்த மாதம் சர்வரின் அமைப்பை யாரோ சரிசெய்தபோது எல்லாம் எதிர்ப்பக்கம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்தது. எண்ணைத் திருத்தாதீர்கள், மாற்றும்போதே மண்டலத்தைக் கொடுங்கள்.

மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க் என்பதுபோன்ற முழுப் பெயரில் கொடுங்கள். இந்தப் பெயர்கள் ஐயானா என்ற அமைப்பு பராமரிக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் உள்ளவை. நிரலில் அதிலுள்ள ஆங்கில எழுத்து வடிவத்தையே போட வேண்டும். மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். ஐஎஸ்டி என்பது இந்திய நேரமாகவும் இருக்கலாம், இஸ்ரேலிய நேரமாகவும் அயர்லாந்து நேரமாகவும் இருக்கலாம். சிஎஸ்டி என்றால் சீனாவா, அமெரிக்காவின் மத்திய மண்டலமா என்று தெரியாது. மண்டல வித்தியாசத்தை முழு மணியாக எண் நெடுவரிசையில் வைக்கும் தவறும் பரவலாக உண்டு. இந்தியா 5:30, நேபாளம் 5:45 என்று பின்னமாக நிற்கும் இடங்கள் அதில் அடங்காது.

பிஎச்பியில் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்டின் மூன்றாவது இடத்தில் மண்டலத்தைக் கொடுங்கள். எழுத்திலேயே மண்டலம் இருந்தால் மூன்றாவதாகக் கொடுத்தது கண்டுகொள்ளப்படாது, அது சரியான நடத்தைதான்.

பைத்தானில் மண்டலம் ஒட்டாத டேட்டைமை டைம்ஸ்டாம்ப் ஆக்கினால் அது ஓடும் கணினியின் மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். இப்போதைய யுடிசி நேரத்தைத் தரும் யுடிசி-நவ் ஃபங்ஷன் கொடுத்த நேரத்தை அப்படி மாற்றுவது மிகப் பழைய தவறு: அது யுடிசி நேரம்தான், ஆனால் மண்டலக் குறி இல்லாததால் உள்ளூர் நேரமாகப் படிக்கப்படும். பைத்தான் 3.12லிருந்து அந்த ஃபங்ஷனையே கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். 3.9லிருந்து வரும் ஸோன்-இன்ஃபோ என்ற நேர மண்டலத் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் அதற்கு டிஇசட்-டேட்டா என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். பழைய நிரலில் பைடிஇசட் நூலகம் இருந்தால், ரீப்ளேஸ் மூலம் மண்டலத்தைச் செருகாமல் லோக்கலைஸ் மூலம் சேருங்கள். ரீப்ளேஸில் கொல்கத்தா மண்டலம் 5:30க்குப் பதில் 5:53 ஆகிவிடும். 23 நிமிடம் தள்ளி நிற்கும் தேதியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு நுணுக்கம். 2024-03-05 என்று தேதி மட்டும் கொடுத்தால் யுடிசி நள்ளிரவாகப் படிக்கும். அதனோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலம் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரமாகப் படிக்கும். அமெரிக்காவில் இருக்கும் பயனருக்குத் தேதி ஒரு நாள் முன்னதாகத் தெரிவதற்கு முதல் விதிதான் காரணம். எழுத்தின் முடிவில் +05:30 என்றோ, யுடிசி என்றால் இசட் என்றோ சேர்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

படிவத்தில் டேட்டைம்-லோக்கல் உள்ளீடு வைத்திருந்தால், அது மண்டலம் இல்லாமல்தான் நேரத்தை அனுப்பும். பயனரின் மண்டலப் பெயரை உலாவியிடமிருந்து இன்டல் வசதி மூலம் எடுத்து, மறைவான உள்ளீடாகச் சேர்த்து அனுப்புங்கள்.

6. இல்லாத நேரம், இரண்டு முறை வரும் நேரம்

கோடையில் கடிகாரத்தை முன்நகர்த்தும் நாடுகளின் தகவல் உங்களிடம் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டலாம். இருந்தால் நின்று படியுங்கள்.

நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3க்குத் தாவியது. ஆகவே அன்று 2:30 என்ற நேரமே இல்லை. அதைக் கொடுத்தால் பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 3:30 என்று எடுத்துக்கொள்ளும். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று 1:30 இரண்டு முறை வந்தது. முதலாவதின் டைம்ஸ்டாம்ப் 1730611800, இரண்டாவதின் டைம்ஸ்டாம்ப் 1730615400. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானில் ஃபோல்ட் என்ற பண்பை 1 ஆக்கினால் இரண்டாவது கிடைக்கும், சொல்லாவிட்டால் முதலாவது. எது வேண்டும் என்பதைத் தகவல் தந்தவர்தான் சொல்ல முடியும். அவராலும் சொல்ல முடியாவிட்டால், ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து ஆவணத்தில் எழுதிவையுங்கள்.

இதே காரணத்தால், அடுத்த நாளின் அதே நேரத்தைக் கண்டுபிடிக்க 86400ஐக் கூட்டாதீர்கள். அந்த மண்டலங்களில் ஆண்டில் ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25 மணி நேரம். நாளைக் கூட்டும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

7. எங்கே, எவ்வளவு இடத்தில் சேமிப்பது

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப் வகை 4 பைட் எடுக்கும், டேட்டைம் வகை 5 பைட், பெரிய முழு எண் வகை 8 பைட். ஒரு கோடி வரிசைக்கு 4க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 40 மெகாபைட். இந்தச் சேமிப்புக்காக 4 பைட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வகை யுடிசி 2038 ஜனவரி 19, 03:14:07க்கு மேல் போகாது. கழித்தல் எண்களையும் ஏற்கும் 4 பைட் முழு எண் நெடுவரிசைக்கும் எல்லை அதே விநாடிதான், 2147483647. இருபது ஆண்டுக் கடன் தவணையை எழுதும் தளத்துக்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது.

மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை சேமிக்கும்போதும் எடுக்கும்போதும் இணைப்பின் மண்டலத்துக்கு ஏற்ப மாறும். டேட்டைம் வகை எழுதியபடியே இருக்கும். யூனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனும் இணைப்பின் மண்டலத்தைத்தான் நம்புகிறது. எனவே இணைப்பு திறந்ததும் மண்டலத்தை +00:00 என்று வைத்துவிடுங்கள். மண்டலம் மாற்றும் கன்வெர்ட்_டிஇசட் ஃபங்ஷனுக்கு மண்டலப் பெயரைக் கொடுக்கும்போது அது நல் திருப்பித் தந்தால் நேர மண்டல அட்டவணைகள் இன்னும் ஏற்றப்படவில்லை என்று பொருள். நிர்வாகியிடம் கேட்டு ஏற்றுங்கள், செலவு எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள் மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் வகையை எடுங்கள். அது 8 பைட், உள்ளே யுடிசியாக வைக்கும். கொடுத்த மண்டலத்தின் பெயரை வைத்திருக்காது, அது வேண்டுமானால் தனி நெடுவரிசை.

மண்டலத் தரவுத்தளம் ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகிறது. சர்வர், தரவுத்தளம், நிரல்மொழி மூன்றும் தனித்தனிப் பிரதிகளை வைத்திருக்கக்கூடும் என்பதால் மூன்றையும் சேர்த்தே புதுப்பியுங்கள்.

8. பழைய தகவலை மாற்றும் வரிசை

மூல நெடுவரிசையைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசை உருவாக்கி, வெற்று மதிப்பை அனுமதித்து, அதில் எழுதுங்கள். மாற்ற முடியாதவை 0 ஆகாமல் வெற்றாகவே இருக்கட்டும். ஏன் மாறவில்லை என்பதற்கு இன்னொரு நெடுவரிசை வைத்தால் பின்னர் தேட எளிது.

முதல் ஓட்டத்தில் ஆயிரம் வரிசை மட்டும் மாற்றி, திரும்ப எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். பிறகு முழுவதும் ஓட்டுங்கள். கணினிக்கு லட்சக்கணக்கான வரிசைகள்கூடப் பெரிய வேலை இல்லை, நிமிடங்களில் முடியும். உங்கள் நேரத்தைத் தின்பது ஒதுக்கப்பட்ட வரிசைகளைக் கையால் பார்ப்பதுதான். அதற்கு இரண்டு மூன்று நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே நாளில் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

எழுத்தில் ஒளிந்திருக்கும் எழுத்துகள் இந்தக் கட்டத்தில்தான் வெளியே வரும். நேரத்துக்கும் மு.ப., பி.ப. குறிக்கும் நடுவில் சாதாரண இடைவெளிபோலவே தோன்றும் வேறு இடைவெளி எழுத்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வடிவமும் பொருந்தாது. முதலில் எல்லா வகை இடைவெளியையும் ஒரே வகையாக மாற்றிவிட்டு, பிறகு படியுங்கள்.

9. முடித்ததும் பார்க்க வேண்டியவை

ஆண்டுவாரியாக, மாதவாரியாக எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள். 1970இல் ஒன்றாவது இருந்தால் ஏதோ தோற்றிருக்கிறது. இன்னும் நடக்காத மாதத்தில் பழைய பதிவுகள் இருந்தால் நாளும் மாதமும் மாறியிருக்கின்றன. எல்லாப் பதிவும் மாதத்தின் 1 முதல் 12க்குள்ளேயே இருந்தாலும் அதே நோய்தான்.

மணிவாரியாகவும் எண்ணுங்கள். பகலில் மட்டும் இயங்கும் சேவையில் அதிகாலை 3 மணிக்குப் பதிவுகள் குவிந்தால் மண்டலம் தவறு.

பிறகு சில வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பதிவைச் செய்தவரிடமே கேளுங்கள். அவர் கையில் ரசீதோ உறுதிப்படுத்தும் செய்தியோ இருக்கும். ஐந்து பேரிடம் கேட்டாலும் போதும், ஆனால் அவர்களில் ஒருவராவது 12ஆம் தேதிக்கு முன்பும் ஒருவராவது வேறு மண்டலத்திலும் பதிவு செய்தவராக இருக்கட்டும்.

மூல நெடுவரிசையைக் குறைந்தது ஓர் ஆண்டாவது அழிக்காமல் வையுங்கள். எனக்கு அந்த மூன்று வாரத்தில் மீட்க முடிந்தது அத்தனையும் அதிலிருந்து எடுத்ததுதான்.